காலம் அளந்த கோல்டிங்காம் துரை

காலம் என்னுஞ் சொல் கற்றார் கல்லார் அனைவர் வாயினும் நாடோறும் வழங்குவதேயாயினும், அதன் இயல்பு யாதென வினவப் புகின் விடை கூறுதல் எளிதன்று. ஞாயிற்றின் செலவே காலமென்பார் ஒருசாரார். பொருள்களின் மாறுதலே காலமென்பார் மற்றொருசாரார். நம் சித்தாந்த நூல்களோ அதனை முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்றாக நிறுத்தி, மாயையினின்றுந் தோன்றிய காரியப்பொருள் என வரையறுத்தன. அண்மைக்காலத்து மேனாட்டுப் பௌதிக நூலார் கண்ட சார்புக் கொள்கையை எடுத்துக்காட்டி, காலமும் இடமும் வெறும் பொய்யென விஞ்ஞானமே நாட்டிவிட்டது, ஆகலின் எல்லாம் ஒன்றேயென்பது முடிந்த முடிபாயிற்று, என மேடைதோறும் முழங்குவார் பலராயினர். அதுகேட்டு மகிழ்ந்து தலையசைக்கும் சைவ நன்மக்களும் உளர். இக்கூற்று எத்துணையளவிற் பொருந்தும் என்பதை ஆராய்தற்கு, நம் தொண்டைநாட்டுக் கடற்கரையிலே காலத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்டு வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்த ஒருவரது வரலாறு பெரிதும் துணைசெய்யும். அவரே ஜான் கோல்டிங்காம் என்னும் வானநூற் புலவர். அவர் நம் சமயத்தவர் அல்லர். நம் சாத்திரங் கற்றவரும் அல்லர். ஆயினும் மெய்ம்மையை நாடி உழைத்தார் ஒருவரது வாழ்க்கை, எந்நாட்டவர்க்கும் எச்சமயத்தவர்க்கும் உரிய பொதுப்பொருளாம் என்க.

கிழக்கிந்தியக் கம்பெனியாரின் உத்தியோகத்தரான உவில்லியம் பெட்ரி என்பார், கி.பி. 1786-ஆம் ஆண்டிற் சென்னை எழும்பூரில் தம் சொந்தப் பொருளைக்கொண்டு ஒரு சிறு வானாராய்ச்சிக் கூடம் நிறுவினார். கரைசேரும் மரக்கலங்களுக்குத் தாம் நிற்கும் இடம் இன்னதென அறிதல் உயிர்நிலையான தேவையாகலானும், அதனை அறிதற்கு வானத்தை அளத்தலே வழியாகலானும், கம்பெனியார் அதனைத் தம் பொறுப்பில் ஏற்று, 1792-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் நிலையானதொரு கட்டடம் எடுப்பித்தனர். அதனை அமைத்தவர் மைக்கேல் தாப்பிங் என்னும் அளவைநூல் வல்லார். அவர்க்குத் துணைவராயிருந்து தொழில் பயின்றவரே நம் கோல்டிங்காம். தாப்பிங் 1796-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இறந்துபடவே, கூடத்தின் பொறுப்பு முழுதும் இவர்பால் வந்தெய்திற்று. இவரே சென்னை வானாராய்ச்சிக் கூடத்தின் முதல் அரசாங்க வானநூலார் எனப் போற்றப்படுகின்றார். அவ்வாண்டு தொடங்கியே வெப்பநிலை, காற்றின் அழுத்தம் முதலியவற்றை நாடோறுங் குறித்துவைக்கும் வழக்கமும் அக்கூடத்தில் ஏற்பட்டது.

அக்கூடத்தின் நடுவே, தொலைநோக்கிக் கருவி சிறிதும் அசையாது நிற்றற்பொருட்டு, ஒரு பெருங் கருங்கற்றூண் நாட்டப்பெற்றது. ஆங்கிலம், இலத்தீன் என்பவற்றோடு நம் தமிழிலும் தெலுங்கிலும் பிறவற்றிலும் அதன்மேற் சாசனம் பொறித்தனர். ஆங்கிலேயரது வள்ளன்மையாற் கணித நூல் ஆசியாவில் முதன்முதல் ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டின் பின் வருவாரும் அறிக என்பது அதன் கருத்து. தூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை நிலையத்தில் நிற்கின்றது. ஆனால், ஆசியாவிற் கணிதநூல் அன்றுதான் ஊன்றப்பட்டதோ என்னும் வினாவிற்கு, அக்கூடத்திற் பணியாற்றிய ஒருவரே பிற்காலத்து விடை கூறினார். அதனைப் பின்னர்க் காட்டுவாம்.

கோல்டிங்காமின் முதற்பெரும்பணி, சென்னை பூமியின்மேல் எத்தனை பாகையில் உள்ளதென உறுதிசெய்தல். வடக்கு தெற்கு அறிதல் எளிது. துருவமீனின் உயரத்தையோ உச்சிஞாயிற்றின் உயரத்தையோ அளந்தால் அமையும். கிழக்கு மேற்கு அறிதலே அரிது. பூமி ஒருமுறை சுழல 24 மணி ஆதலின், ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் ஊர்க்கு ஊர் உச்சிப்பொழுது வேறுபடும். ஆகவே கிரீனிச்சில் இப்பொழுது மணி என்ன, சென்னையில் இப்பொழுது மணி என்ன என்று ஒருங்கே அறியக்கூடின், இரண்டன் வேற்றுமையே பாகையைக் காட்டிவிடும். கம்பியும் வானொலியும் இல்லாத அந்நாளில், ஆறாயிரங் காவதம் அப்பாலுள்ளதுபோன்ற ஓர் ஊரின் மணியை அறிவது எங்ஙனம்? அதற்கு வானமே வழிகாட்டிற்று. வியாழனைச் சுற்றிவருந் துணைக்கோள்கள் அதன் நிழலுட் புகுந்து மறைவதும் வெளிப்படுவதும் இரண்டூர்களிலுந் தோன்றும். அம்மறைவு நிகழ்ந்த மணியை அவ்வவ்வூர்க் கடிகாரத்தின்படி குறித்துவைத்துப் பின் ஒப்புநோக்கினால் வேற்றுமை விளங்கும். இவ்வகையிற் பலப்பல இரவுகள் கண்விழித்துக் குறிப்பெடுத்துக் கூட்டிக் கழித்துக் கோல்டிங்காம் கண்ட முடிவின்படி, சென்னை கிரீனிச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. நம் கணக்கிற் கூறின், 13¼ நாழிகைக்குச் சற்று மேல். 1802-ஆம் ஆண்டளவில் இவ்வாறு நிலைபெற்றதே சென்னை நேரம் எனப்பட்டது. பின்னாளில் இருப்புப்பாதை ஏற்பட்டபோது, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாயிருந்தமையின், இந்நேரமே இந்தியாவின் இரயில்வண்டிகளுக்குப் பொதுநேரமாக நெடுநாள் வழங்கிற்று. 1906-ஆம் ஆண்டில் 82½ பாகையை அடியாகக் கொண்ட இந்தியப் பொதுநேரம் வந்தபின்னரே அது வழக்கொழிந்தது.

இங்கே அன்பர்கள் ஒன்றனைக் கருதுக. மாமல்லபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே சாலைவழி ஏறத்தாழ 30 கிலோமீட்டரேயுளது. ஆயினும் மாமல்லபுரத்துக் கடற்கோயிலின்மேல் ஞாயிறு உச்சியடைந்து ஏறத்தாழ 50 வினாடி கழிந்தபின்னரே செங்கற்பட்டு ஏரிக்கரையில் உச்சிப்பொழுது ஆகும். இரண்டனுள் எது மெய்யான உச்சி? இரண்டும் மெய்யே, அவ்வவ்விடத்துக்கு அவையவை மெய். இடத்தைச் சாராத உச்சிப்பொழுது என ஒன்று உலகில் இல்லை. எனினும், உண்மையான காலம் ஒன்று எங்கும் ஒருபடித்தாய் ஓடுகின்றது, ஊர்மணிகளின் வேற்றுமை நம் எண்ணிக்கையின் வேற்றுமையேயாம் என்பதே அந்நாளைய அறிஞர் அனைவரது துணிபு. அதனை நாட்டியவர் ஐசக்கு நியூட்டன். கோல்டிங்காமும் அத்துணிபினரே.

இரு ஊர்க்கும் நடுவே திருக்கழுக்குன்றம் என்னும் பெருந்தலம் உண்மை யாவரும் அறிவர். ஆண்டுச் சங்குதீர்த்தத்தில் வியாழன் கன்னியிற் புகும் ஆண்டிற் பெருவிழாக் கொண்டாடுவர். அது 12 ஆண்டுக்கொருமுறை வருவது. வேதகிரியின் அடியில் அடியார்கள் எந்த வியாழனைக்கொண்டு ஆண்டுகளை எண்ணினரோ, அந்த வியாழனைக்கொண்டே நுங்கம்பாக்கத்தில் இவர் வினாடிகளை எண்ணினர் என்பது வியப்பன்றோ!

கோல்டிங்காம் வானத்தை மட்டும் நோக்கியவரல்லர், கல்லையும் நோக்கினார். எலிபெண்டாத் தீவின் குடைவரையைப் பற்றி முன்னரே எழுதியிருந்த இவர், மாமல்லபுரத்துச் சிற்பங்களை நேரிற் கண்டாராய்ந்து எழுதிய கட்டுரை, வங்காள ஆசிய சங்கத்தாரது வெளியீட்டின் ஐந்தாந் தொகுதியில் 1798-ஆம் ஆண்டில் வந்தது. அவர்க்கு முன்னர் உவில்லியம் சேம்பர்சு என்பார் எழுதியது நினைவிலிருந்து எழுதியதாகும். இவரோ அளவைக்காரராகலின், உள்ளதை உள்ளவாறு வரிசைப்படுத்தி விரித்தார். அருச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தையும், மண்டபங்களையும், ஒற்றைக்கல் இரதங்களையும், கடலலை மோதும் கோயிலையும் கண்டெழுதியதோடு, அவ்வூரார் வழங்கிய கதையொன்றையுங் குறித்துவைத்தார். வடதிசை அரசன் ஒருவன் பெரியதொரு திருப்பணி செய்விக்க விரும்பினன். அவன் விதித்த ஏற்பாட்டுக்கு உடன்படாத சிற்பியர் நாலாயிரவர் ஓடிவந்து இக்கடற்கரையிற் சிலவாண்டு தங்கி இவற்றையெல்லாஞ் செதுக்கினர். பின்னர் அரசன் சமாதானம் பேசி அழைத்துக்கொள்ளவே, வேலை முற்றுப்பெறாது நின்றது, என்பது அக்கதை. பல்லவர் பெயரை அந்நாளிற் கல்வெட்டுக்களினின்றும் படித்துணர்வார் இலர். அவ்வெழுத்துக்களைப் பாபிங்டன் முதலியோர் படித்து வெளியிட்டது 1830-ஆம் ஆண்டையொட்டியே. பெரும்பாலான சிற்பங்கள் 7-ஆம் நூற்றாண்டின் மாமல்லன் முதலியோர் காலத்தனவென்றும், கடற்கோயில் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்ததென்றும் இன்று நாம் அறிகின்றோம்.

கதை பொய்யாயினும், கோல்டிங்காம் அதனை எள்ளி ஒதுக்காது எழுதிவைத்தது பாராட்டத்தக்கது. ஊரார் நினைவை முற்றும் புறக்கணித்தல் அறிவுடைமையன்று என்பதை இக்கரையே பிற்காலத்துக் காட்டிற்று. கடலுண்ட கோயில்கள் உண்டென வழங்கிய செவிவழிச் செய்தியைப் பலர் நகைத்திருந்தனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், சுமத்திராக் கடலின் நிலநடுக்கம் காலை 6.29 மணிக்கு எழ, அதன் அலை ஏறத்தாழ இரண்டரை மணிநேரஞ் சென்று இக்கரையை மோதிற்று. அவ்வமயம் கடல் பின்வாங்கவும், மணல் அரிக்கப்படவும், புதைந்து கிடந்த செதுக்குப்பாறைகள் வெளிப்பட்டன. அதன்பின் அகழ்ந்தாராய்ந்தோர், சாளுவன்குப்பத்தருகே பழைய செங்கற்கோயிலொன்றன் அடிநிலையையுங் கண்டனர். நடுக்கம் நிகழ்ந்த காலம் வேறு, நம்மை அது வந்துற்ற காலம் வேறு என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

கட்டடக்கலையிலும் இவர் கை தேர்ந்திருந்தது. எட்வர்டு கிளைவ் பிரபு கவர்னராயிருந்த நாளில், விருந்து மண்டபமொன்று கிரேக்கக் கோயிலின் சாயலில் இவரால் அமைக்கப்பெற்று, 1802-ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. இராசாசி மண்டபம் எனப் பின்னர்ப் பெயர்பெற்றது அதுவே. 1794-ஆம் ஆண்டில் தோன்றிய நில அளவைப் பள்ளியையும் இவர் மேற்பார்த்தார். அச்சிறு பள்ளி நாளடைவில் வளர்ந்தே கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று. 1802-ஆம் ஆண்டில் இலாம்டன் என்பார் பரங்கிமலையை அடுத்து அடிக்கோடு அளந்து தொடங்கிய பெருநில அளவைக்கும், இவர் கண்ட சென்னைப் பாகையே முதற்புள்ளியாயிற்று.

1805-ஆம் ஆண்டில் இவர் விடுமுறைபெற்றுத் தம் நாடு செல்ல, ஜான் வாரன் என்பார் சில ஆண்டு அப்பதவியை வகித்தார். மேலே காட்டுவாமென்ற விடை இவர் வாயிலாகவே கிடைத்தது. வாரன் நம்மவர் காலக்கணித முறைகளைத் தொகுத்துக் காலசங்கலிதம் என்னும் பெருநூலை 1825-ஆம் ஆண்டிற் சென்னையில் வெளியிட்டார். அதே ஆண்டில் நிகழ்ந்த சந்திர கிரகணமொன்றைப் புதுவையில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், ஏடும் எழுத்தாணியுமின்றி, சோழிகளைத் தரையிற் பரப்பி, மனப்பாடமாயிருந்த வாக்கியங்களைக்கொண்டே கணித்ததை அவர் கண்டு எழுதினார். கிரகணத் தொடக்கத்தைக் கூறியதிற் பிழை ஏறத்தாழ 4 நிமிடமே. நடுவிலும் முடிவிலும் பிழை மிகுந்ததாயினும், அம்முறை நூற்றாண்டு பல கடந்து வாய்மொழியாகவே வந்ததென்பதை நினைப்பின் அதன் பெருமை புலனாம். தூண் கூறியது ஒன்று. தூணருகே பணிசெய்தவர் கண்டது மற்றொன்று. செருக்குக் கல்லிற் பொறிக்கப்பட்டமையால் மெய்யாகிவிடாது. பிழை இத்துணையென எண்ணிக் காட்டாது பழம்பெருமை பேசுதலும் அவ்வாறே மெய்யாகிவிடாது.

மீண்டுவந்த கோல்டிங்காம் 1820, 1821-ஆம் ஆண்டுகளிற் செய்த ஆராய்ச்சியே அவரை உலகறியச் செய்தது. அந்நாளிற் செங்கற்பட்டுச் சில்லாவைச் சார்ந்திருந்த பரங்கிமலையிலும், சென்னைக் கோட்டையிலும் பீரங்கிகள் சுடப்பெற்றன. நுங்கம்பாக்கத்துக் கூடத்தின் மேலிருந்தோர், தீயொளி தோன்றியதற்கும் ஓசை கேட்டதற்கும் இடைப்பட்ட காலத்தைக் கடிகாரங்கொண்டு எண்ணினர். பரங்கிமலை ஐந்தரை மைலுக்குச் சற்று மேலாகலின் ஓசை வர ஏறத்தாழ 26 வினாடியும், கோட்டை இரண்டரை மைலுக்கு மேலாகலின் ஏறத்தாழ 12 வினாடியும் சென்றன. ஒருமுறை இருமுறையன்று, திங்கள்தோறும், காற்றும் வெப்பமும் ஈரமும் உடனுடன் குறித்து, பன்னூறுமுறை எண்ணினர். குளிர்காலத்தில் ஓசை மெல்லச் செல்வதும் வேனிலில் விரைந்து செல்வதும் இதனால் தெளிவாயின. இவ்வாராய்ச்சியை இலண்டன் இராயல் சொசைட்டியார் 1823-ஆம் ஆண்டில் தம் வெளியீட்டில் அச்சிட்டனர். அவ்வறிஞர் அவைக்கு இவர் முன்னரே உறுப்பினராயினர்.

அவ்வாண்டுகளிலேயே, வினாடிக்கோர் அசைவுடைய ஊசற்குண்டைச் சென்னையில் அசையவிட்டு அதன் அசைவையும் இவர் அளந்தார். நிலநடுக்கோட்டை அடுத்துச் சுமத்திராப் பக்கத்துள்ள சிறு தீவொன்றுக்கும் ஆட்களை அனுப்பி அவ்வாறே அளப்பித்தார். நடுக்கோட்டை நெருங்கநெருங்கப் பூமியின் ஈர்ப்புச் சிறிது குறைதலின் ஊசல் மெல்ல அசையும். அவ்வேறுபாட்டால் பூமியின் வடிவம் அறியப்படும்.

1830-ஆம் ஆண்டிற் பதவி நீங்கிய கோல்டிங்காம் 1849-ஆம் ஆண்டில் உலகவாழ்வை நீத்தார். அவர்பின் வந்தோர் அப்பணியைத் தொடர்ந்து நடாத்தினர். 1899-ஆம் ஆண்டில் வானாராய்ச்சி கோடைக்கானல் மலைக்கு மாற்றப்பட்டது. ஷெல்டன் என்னுங் கைவினைஞர் செய்த பழைய ஊசற்கடிகாரமும் உடன்சென்று இன்றும் அம்மலையிற் போற்றப்படுகின்றது.

இனி, சார்புக் கொள்கையை நோக்குவாம். பீரங்கியின் ஒளியையும் ஓசையையும் ஒருங்கே உண்டாவனவென்று அறிகின்றோம்; ஆயினும் அவை நம்மை வந்தடைவது வெவ்வேறு காலத்தில். ஓசையைப் போலவே ஒளியும் காலங்கொண்டே செல்வது என்பதை 1676-ஆம் ஆண்டிலேயே ரோமர் என்பார் வியாழனின் துணைக்கோள்களைக்கொண்டு கண்டார். கோல்டிங்காம் இன்று மறைந்ததெனக் குறித்த துணைக்கோள், அவர் குறித்ததற்கு 35 நிமிடம் முதல் 52 நிமிடம் வரை முன்னரே மறைந்துவிட்டது. செய்தி வர அத்துணைப் பொழுது சென்றது. ஆனால் செய்தி வந்த தாமதத்தைக் கழித்துவிட்டால், மறைந்த காலம் அனைவர்க்கும் ஒன்றேயாகுமன்றோ எனின், ஆகாது எனக் காட்டியவரே ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

1905-ஆம் ஆண்டில் அவர் கூறியதனை நம்மூர்த் தேர்கொண்டு விளக்குவாம். தேரொன்று மிக விரைந்து செல்வதாகக் கொள்க. அதன் முன்னும் பின்னும் இரு விளக்குகள் மின்னின. வீதியில் நடுநேரே நின்றவன்பால் இரண்டொளியும் ஒருங்கே வந்தன. ஆகவே இரண்டும் ஒருங்கே மின்னின என்பான். தேரின் நடுவிலிருந்தவனோ முன்னொளியை எதிர்கொண்டு செல்லுதலின் அதனை முதலிலும், பின்னொளியை அடுத்தும் கண்டான். ஒளியின் விரைவு யாவர் அளவைக்கும் ஒன்றேயாதலின், தனக்குச் சமதூரத்திலுள்ள இரண்டனுள் முன்விளக்கே முதலில் மின்னிற்று என்பான். இருவர் கூற்றும் மெய்யே. ஒருங்கு நிகழ்தல் என்பது காண்பான் நிலையைச் சார்ந்தது. உச்சிப்பொழுது ஊரைச் சார்ந்ததாயிருத்தல் எண்ணிக்கை வேற்றுமை மட்டுமே. இதுவோ காலத்தின் வேற்றுமையே. 1915-ஆம் ஆண்டில் அவர் முடித்த பொதுச்சார்புக் கொள்கையின்படி, ஈர்ப்பு மிக்க இடத்திற் காலம் மெல்லவும், ஈர்ப்புமையத்தினின்று உயர்ந்த இடத்தில் விரைந்தும் செல்லும்.

ஷெல்டன் கடிகாரத்தையே சான்றாகக் கொள்வாம். சென்னையினின்று 2,300 மீட்டர் உயரத்து மலைக்குச் சென்ற ஊசல், ஈர்ப்புக் குறைதலால் நாளொன்றுக்குப் பல வினாடி பின்தங்கும். அது கருவியின் குற்றம், திருத்தத்தக்கது. ஆனால் எக்குற்றமுமில்லாத கடிகாரமாயினும், அம்மலைமேல் நாளொன்றுக்கு, ஒரு வினாடியை நூறுகோடியாகப் பகுத்தவற்றுள் ஏறத்தாழ 22 கூறு முந்தும். இது கருவியைப் பற்றியதன்று; காலத்தையே பற்றியது. வானிற் சுற்றி வழிகாட்டும் செயற்கைத் துணைக்கோள்களின் கடிகாரம் நாளொன்றுக்கு வினாடியின் பத்துலட்சத்தில் 38 கூறு முந்துவதும், அதனைத் திருத்தியே மீன்பிடி படகுகளும் இன்று மாமல்லபுரக் கரையை வழிதெரிந்து அடைவதும் நாம் கண்கூடாகக் காண்பனவே.

இதனாற் சித்தாந்தத்துக்கு வருவது யாது? தருக்கநூலார் காலத்தை ஒன்றாய், எங்கும் நிறைந்ததாய், என்றும் உள்ளதாய பொருளென்றனர். நியூட்டன் கொள்கை அதனோடு பெரிதும் ஒத்தது. சித்தாந்திகளோ அதனை மறுத்து, காலம் அசுத்தமாயையிற் றோன்றிய சடப்பொருள், சென்றதற்கு வரம்பு கட்டுதலும் நிகழ்வதில் நுகர்ச்சி கூட்டுதலும் வருவதிற் புத்தாக்கம் விளைத்தலும் அதன் தொழில், மேலுள்ள சுத்த தத்துவங்களில் அதற்கு ஆட்சியில்லை என்றனர். காலமே கடவுள் என்பாரை அருணந்திசிவனார் சிவஞானசித்தியாரில் மறுத்தமையும் அறியத்தக்கது. தொல்காப்பியனாரும் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கு சேர்த்தே முதற்பொருளாக வகுத்தார். ஆகவே ஐன்ஸ்டைன் கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டனர் எனப் பறைசாற்ற ஒருவர்க்கு ஆசை எழுதல் இயல்பு.

அவ்வாசையை அடக்குதலே அறிவுடைமை என்பது எம் கருத்து. ஏனெனிற் கூறுவாம். கோல்டிங்காம் வாழ்ந்த நாளில் ஒருவன் எழுந்து, காலம் என்றுமுள்ளது என நியூட்டன் நாட்டிவிட்டான், ஆகவே காலத்தைத் தோன்றியழிவதெனக் கூறும் சித்தாந்தம் பொய் எனச் சாதித்திருப்பின், அன்றைய விஞ்ஞானம் முழுதும் அவன் பக்கமே நின்றிருக்கும். அன்று நம் நூல்கள் அஞ்சவேண்டியதில்லையாயின், இன்று செருக்கவும் வேண்டியதில்லை. பௌதிகத்தின் முடிவு அளவுகோலோடு வளர்வது. வளர்தலே அதற்கு அழகு. அதன்மேற் சமயத்தைக் கட்டுவோர், அது மாறும் நாளில் தம் வீட்டையும் உடன் இழப்பர். மேலும், நம்மவர் காலத்தை மாயாகாரியம் என்றது உயிரின் பந்தத்தை விளக்குதற்பொருட்டு. ஐன்ஸ்டைன் கூறியது கடிகாரங்களும் ஒளியும் ஒழுகும் முறையை விளக்குதற்பொருட்டு. இரண்டு வினாக்கள் வேறாதலின் விடைகளும் வேறு.

சார்புக் கொள்கை காலத்தைப் பொய்யென்றது என்பதும் தவறு. இருவர் அளவைகள் வேறுபடினும் ஒன்றனினின்று மற்றொன்றைத் தப்பாது கணிக்க விதியுண்டு. ஒளியின் விரைவு எவர்க்கும் மாறாது. காரணம் முன்னும் காரியம் பின்னுமாகும் முறை எவர்க்கும் பிறழாது. உள்ள பொருளை உள்ளதென்றே அது கொள்கின்றது. ஆகவே உலகைக் கானல்நீர் என்பார்க்கு அஃது ஆதரவாகாது.

எல்லாம் ஒன்று என்னும் முடிபுக்கும் அதனாற் சான்றில்லை. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அத்துவிதச் சொல்லை ஆராய்ந்தபோது, அது ஒன்றென்று பொருள்படாது, பிரிவின்மையைக் குறிக்கும் என்றே தெளிவித்தார். உடலும் உயிரும்போற் கலப்பாலும், கண்ணும் கதிரும்போற் பொருட்டன்மையாலும், கண்ணொளியும் ஆன்ம அறிவும்போல் உடனாதலாலும் இறைவன் உயிர்களோடு நிற்பன். இரண்டு என்னும் எண் நீங்காமலே இரண்டறுதல் அது. அதனை எந்தக் கடிகாரமும் அளந்து காட்டாது; அருளால் உயிர் தானே உணர்தற்குரியது. அளக்கத்தக்கதை அளத்தற்கு நுங்கம்பாக்கத்துத் தூண் போதும். அளத்தற்கரியதை உணர்தற்கு அன்பும் பூசையும் சாத்திரப் பயிற்சியும் வேண்டும்.

அங்ஙனமாயின் கோல்டிங்காம் வரலாற்றால் சைவர்க்கு ஆவதென்னை எனின், பெரிதும் உண்டு என்க. பீரங்கி ஓசையை ஒருமுறை கேட்டு முடிவுகூறாது ஆண்டு முழுதும் கேட்டார். காற்றின் குற்றத்தையும் கருவியின் குற்றத்தையும் வேறுவேறு கண்டு நீக்கினார். ஊரார் கதையைக் கதையென்றே குறித்து, கண்டதைக் கண்டதென்றே குறித்தார். தாம் அறிந்ததன் எல்லை கடந்து ஒருசொல்லும் மிகைபட எழுதாமை அவர் நூல்களிற் காணலாம். அவ்வொழுக்கத்தை நம் மேடைப்பேச்சாளர் மேற்கொள்வாராயின், பாதி வழக்குகள் எழவே எழா. இளைஞர்க்கு யாம் கூறுவதும் அதுவே. பௌதிகம் பயில்வீராயின் அதனை அதன் முறையானே முற்றப் பயிலுக. சித்தாந்தம் பயில்வீராயின் அதனைத் தக்க ஆசிரியர்பால் மூலமும் உரையுமாக முறையே பாடங் கேளுக. ஒன்றனை மற்றொன்றற்குப் பிணையாக்கற்க. இரண்டையும் செம்மையாகக் கற்றவர்க்குக் காலத்தின் சிறுமையும் காலகாலனது பெருமையும் தத்தம் நிலையில் தாமே விளங்கும். அவ்விளக்கத்தை அன்பர் அனைவர்க்கும் அருளுமாறு எல்லாம்வல்ல இறைவன் திருவடிகளை வேண்டி அமைகின்றாம்.